ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு டைம் ஸ்டடி

வேல்ராஜ் லைனுக்குள் கால் வைத்தால் போதும், அங்கே நிற்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் விரல் மரத்துப்போகும். அதுவரை சரசரவென்று ஓடிய டேப் சுருள்கள் திடீரென்று நிதானம் பழகும். ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இன்னொருத்தி கீழே விழாத கிளிப்பைக் குனிந்து தேடுவாள். எல்லாம் அவன் கையில் இருக்கும் ஸ்டாப் வாட்ச் செய்கிற மாயம்.

ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்தாகச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுக்கும் கம்பெனி அது. அங்கே வேல்ராஜுக்கு டைம் ஸ்டடி வேலை. ஒரு வேலையை ஓர் ஆள் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் நின்று வாட்ச் பிடிப்பான். அவன் எழுதிக் கொடுக்கும் நேரம்தான் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் டார்கெட். ஆகவே வாட்ச் ஓடும்போது யாரும் வேகமாகச் செய்து காட்டமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தவுடன், யூனிஃபார்ம் அளவு சரியாவதற்கு முன்பே, கற்றுக்கொள்கிற பாடம் அது. வேல்ராஜுக்கும் இது தெரியும். யார் எவ்வளவு நேரத்தை இழுக்கிறார்கள் என்று கணித்து, அதைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவான்.

"என்னை ஏமாத்துன கை இந்த லைன்ல இன்னும் பொறக்கல" என்று கேன்டீனில் தயிர்சாதத்துக்கு நடுவே சொல்லிக்கொள்வான். பக்கத்தில் இருப்பவர்கள் ஊறுகாயை நகர்த்தச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் வாட்ச் இறங்காது. வல்லம் வடகாலில் எழிலரசி அக்கா வீட்டின் கீழ் போர்ஷனில் குடியிருந்தார்கள். அவன், மனைவி மாரிசெல்வி, எல்.கே.ஜி. போகும் கவியா. தோசைக்கல்லுக்கும் தட்டுக்கும் இடையே வீணாகிற நடை அவன் கண்ணை உறுத்தும்.

"அடுப்ப இந்தப் பக்கமா திருப்பிப் போட்டா உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நடை மிச்சம் தெரியுமா?"

"மிச்சமான நடைய வச்சு நான் என்ன செய்ய? உங்களுக்குப் பொட்டலம் கட்டித் தரவா?"

இருவருக்கும் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்து அவன் வந்தான். பிளஸ் டூ முடித்து, வேன் வைத்து ஆள் எடுக்க வந்தவர்களோடு அவள் வந்தாள். லைனில் அவள் வேலை செய்யும் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவன் வாட்சோடு நின்றதுதான் முதல் சந்திப்பு. மற்றவர்கள் இழுக்கும்போது முகத்தில் ஒரு நாடகம் தெரியும். இவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. குழந்தைக்குச் சடை பின்னுகிற மாதிரி, ஒயரைச் சுற்றி டேப்பை இதமாகக் கொண்டுபோனாள். இது நடிப்பில்லை, பிறவியிலேயே நிதானமான கை என்று வேல்ராஜ் தீர்மானித்தான். எதையும் கழிக்காமல் அப்படியே எழுதினான். அந்த ஸ்டேஷனுக்குத் தாராளமான நேரம் கிடைத்தது. அவனுக்கு மாரிசெல்வி கிடைத்தாள். அந்த மாதம் லைன் பெண்களெல்லாம் சேர்ந்து அவளுக்கு ஒரு சுடிதார் எடுத்துக் கொடுத்தார்கள். பிறந்தநாள் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கவியா பிறந்ததும் மாரிசெல்வி வேலையை விட்டாள். இப்போது கம்பெனியில் புது லைன் வருகிறது, பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். எச்.ஆரில் இருக்கும் சங்கரநாராயணன் வேல்ராஜைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க மிஸஸ் பேரப் போட்டுடவா?" என்று கேட்டார். வேல்ராஜுக்குப் போடலாம் என்றுதான் இருந்தது. மாரிசெல்விக்கு இல்லை.

"இந்த வாரம் காலை ஷிப்ட்டும்பாக, அடுத்த வாரம் நைட்டும்பாக. பிள்ளைய யாரு பாப்பா? எனக்கு ஆல்பம் வேலை போதும்."

ஆல்பம் வேலை என்பது மத்தியானங்களில் போனில் வீடியோ பார்த்து அவளாகக் கற்றுக்கொண்டது. கல்யாண போட்டோக்களைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, சேர்த்து, பூ வைத்து, பெயர் எழுதி, புத்தகமாக அச்சடிக்கிற பதத்துக்குக் கொண்டுவருவது. அதில் ஒவ்வொரு விரிப்பையும் ஷீட் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இளம்பரிதி, சோதனைக்காக ஒரு கல்யாணத்தைக் கொடுத்துப் பார்த்தார். மாடியில் இருக்கும் எழிலரசி அக்கா மகளின் கல்யாணம்தான் அது. ஆடி பிறப்பதற்குள் முடித்துக் கொடுத்தால் மேற்கொண்டு வேலை தருவதாகச் சொன்னார்.

கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சொன்ன தேதிக்குள் ஆல்பம் முடிந்தால் அவள் வீட்டிலேயே இருந்து அந்த வேலையைச் செய்வது. முடியாவிட்டால் பெயரைக் கொடுத்துவிட்டு லைனுக்குப் போவது. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்க மட்டும் மாத்திக் குடுங்க. இப்ப வருதே, எஸ்.எஸ்.டி., அது."

லேப்டாப் வேல்ராஜ் டிப்ளமோ காலத்தில் வாங்கியது. உள்ளே தட்டு சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு அரிசி களைந்து, உலை வைத்து, கவியாவுக்குத் தலை வாரிவிட்டு வந்தால் கர் கர் என்று கனைத்துக்கொண்டு திரை வெளுத்திருக்கும். ஆனாலும் வேல்ராஜ் மறுத்தான். காசு அவனுக்குப் பிரச்சினை இல்லை. அவனுக்கு அது கொள்கை.

"நாம என்ன ராக்கெட்டா விடுதோம்? சாதாரணமா கம்ப்யூட்டர் பாக்குத ஆளுக்கு டிஸ்க்கு வேகமா ஓடுனா என்ன, மெதுவா ஓடுனா என்ன? ஆன் ஆகுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்தா ஆச்சு. மிஷின் மேல பழி போடாத மாரி. உன் கை நிதானமான கை. அது எனக்குத் தெரியும்லா."

"ஆமா. உங்களுக்குத் தெரியும்" என்றாள் மாரிசெல்வி. முகத்தில் ஒன்றுமே இல்லை.

எழிலரசி அக்கா தினம் ஒரு முறை மாடியிலிருந்து இறங்கி வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள்.

"இன்னா மாரி, ஆல்பம் ஆச்சா? எங்க சம்மந்தியம்மா போன் மேல போன் போட்டுக்கினே கீது."

"இன்னும் முகூர்த்தமே வரலக்கா. போட்டோ தொறக்கவே நேரமாகுது."

"மெதுவா பண்ணு, பரவால்ல. அந்தம்மா மூஞ்சி வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சின்னதா போடு."

ஆனி பாதி ஓடிவிட்டது. முடிந்த ஷீட்களைவிட முடியாதவையே அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியை முடித்துவிட்டு வேல்ராஜ் ஒரு நியாயமான முடிவுக்கு வந்தான். வாய்ப்பேச்சு வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம்.

"நீ எப்பவும் போல வேலை பாரு. நான் பின்னாடி நிக்கேன். உன் கை எவ்வளவு நேரம் எடுக்கு, மிஷின் எவ்வளவு எடுக்கு, தனித்தனியா பிரிச்சுருவேன். மிஷின் மேல தப்பு இருந்தா நாளைக்கே டிஸ்க்கு மாத்திரலாம். இல்லைன்னா நீ அதப் பத்திப் பேசக் கூடாது."

"சரி. பல்லு மட்டும் தேச்சுட்டு வாரேன்."

"இட்லி சாப்பிட்டாச்சேட்டி."

"அப்ப தலை சீவிட்டு வாரேன். லேப்டாப்ப ஆன் பண்ணி வச்சிருக்கேன். சூடாகட்டும்."

அவள் வந்து உட்கார்ந்தாள். வேல்ராஜ் பின்னால் நின்று வாட்சை அமுக்கினான். பழக்க தோஷத்தில் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டான்.

அவள் நலங்கு போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் கூப்பிட்டும் மனசில்லாமல் வருகிற பங்காளிகளைப் போல வந்தன. முதலில் மஞ்சள் பூசிய ஒரு கை மட்டும் வந்தது. நெடுநேரம் கழித்துக் கையின் சொந்தக்காரி வந்தாள். ஒரு படத்தைப் பிடித்து ஷீட்டில் வைத்ததும் திரை உறைந்தது. வட்டம் சுற்றியது. மாரிசெல்வி மடியில் கையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். மறுபடி ஒரு படம், மறுபடி வட்டம். சேவ் கொடுத்தபோது லேப்டாப்பின் அடிவயிற்றிலிருந்து மாவு மில் சத்தம் வந்தது.

வேல்ராஜுக்கே பாவமாகிவிட்டது.

"இது கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு" என்றான். "நான் நெனச்சத விட மோசம்."

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பாத்ததுதான்."

"நாளைக்கு ஒரகடம் ஜங்ஷன்ல குடுத்து மாத்திருவோம்."

"உங்க இஷ்டம்" என்று எழுந்து, அவள் டீ போடப் போனாள்.

வேல்ராஜ் வாட்சை நிறுத்தினான். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாட்சை நிறுத்திய பிறகும் லைனில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பான். ஸ்டடி முடிந்தது என்று நினைத்துக் கைகள் பழைய வேகத்துக்குத் திரும்பும் பார், அங்கேதான் ஆள் சிக்கும். அதே வழக்கத்தில் இப்போதும் நின்றான். நாற்காலியில் யாரும் இல்லை. ஷீட் சேவ் ஆகி முடிந்திருந்தது. திரையில் ஓர் அசைவும் இல்லை. ஆனால் டிஸ்க்கின் சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. மாவு மில்லும் நிற்கவில்லை.

யாரும் வேலை கொடுக்காத மிஷினுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

குனிந்து பார்த்தான். திரையின் அடியில் ஒரு ஜன்னலை இறக்கி ஒளித்து வைத்திருந்தாள். தூக்கிப் பார்த்தால், எழிலரசி அக்கா மகள் கல்யாணத்தின் முழு வீடியோவும், மேளக்காரர் வந்து இறங்கியதிலிருந்து கடைசிப் பந்தி இலை எடுக்கிற வரைக்கும், ஒரு ஃபோல்டரிலிருந்து அதே டிஸ்க்கின் இன்னொரு ஃபோல்டருக்குக் காப்பி ஆகிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வைரஸ் ஸ்கேனும் போய்க்கொண்டிருந்தது. ஒரு கழுதை மேல் இரண்டு வீட்டுச் சாமானை ஏற்றிவிட்டு, பாருங்கள் நடக்கமாட்டேன் என்கிறது என்று காட்டியிருக்கிறாள்.

வேல்ராஜ் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். கோபம் வருவதற்கு முன் வேறொன்று வந்துவிட்டது. குழந்தைக்குச் சடை பின்னுகிற மாதிரி டேப் சுற்றிய அந்தக் கை. ஒன்றுமே இல்லாத அந்த முகம். அந்தச் சுடிதார்.

டீ டம்ளருடன் வந்த மாரிசெல்வி, திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"அன்னைக்கு லைன்ல நான் வாட்ச் பிடிச்சப்ப..." என்று தொடங்கினான் வேல்ராஜ்.

"ஆமா."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"கேக்கப் போறது தெரியும்லா. ஆமா, இழுத்தேன். வாட்ச் பிடிக்க வந்த ஆளு முன்னாடி வேகமா செஞ்சு காட்டுனா என் பின்னாடி நிக்கிற அத்தன பேரும்லா சாகணும்? பக்கத்துல நின்ன அன்னக்கிளி அக்காவுக்கு அப்பவே தோள்பட்டை வலி."

"உன் முகத்துல ஒண்ணுமே தெரியலையே."

"நீங்க எங்க முகத்தப் பாத்திய? கையத்தான பாத்திய. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் முகத்தப் பாத்திய. அதுக்குள்ள எழுதிக் குடுத்தாச்சு."

வேல்ராஜ் டீயைக் குடித்தான். இத்தனை வருடங்களாகக் கேன்டீனில் தயிர்சாதத்துக்கு நடுவே சொல்லி வந்தது நினைவுக்கு வந்தது. அங்கிருந்தவர்கள் அப்போதெல்லாம் ஏன் ஊறுகாயை மட்டும் பார்த்தார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

உத்தியோகம் அவனைத் தூக்கி நிறுத்தியது. நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான்.

"இந்த ஸ்டடி செல்லாது. நீ மிஷின இழுக்க வச்சுருக்க. அப்ப டிஸ்க்குல தப்பில்ல. ஒப்பந்தப்படி நீ அதப் பத்திப் பேசக் கூடாது."

"பேசல." மாரிசெல்வி காப்பியை நிறுத்தினாள். ஸ்கேனை நிறுத்தினாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். பிறகு கையை நீட்டினாள். "வாட்ச இங்க குடுங்க. நீங்க உக்காந்து ஒரு ஷீட் போடுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் பின்னாடி நிக்கேன்."

"எனக்கு அந்த வேலை தெரியாதே."

"நாலு போட்டோ எடுத்து வைக்கணும், பேரு எழுதணும், சேவ் பண்ணணும். அவ்வளவுதான். வழி நான் சொல்லுதேன். நிதானமான கைதான் வேணும்னு இல்ல, எந்தக் கையும் போதும்."

வேல்ராஜ் உட்கார்ந்தான். ஒரு வாட்சின் இந்தப் பக்கம் உட்கார்வது அவனுக்கு முதல் தடவை. பிடரியில் யாரோ விரலால் எழுதுவதைப் போலிருந்தது.

லேப்டாப் உயிர் பெற்று வந்தது. முன்னைக்கு இப்போது தேவலை. ஆனாலும் ஒரு பெருமூச்சுக்கும் அடுத்த பெருமூச்சுக்கும் நடுவில் இடம் நிறைய இருந்தது. ஆல்பம் போடும் புரோகிராமைத் திறந்தான். வட்டம் சுற்றியது. வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கை தானாகப் போனை எடுத்தது. வீடியோவில் செங்கோட்டைப் பக்கம் யாரோ புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கிக்கொண்டிருந்தார். அவர் முக்கி முடித்ததும் வேறொருவர் கிணற்றிலிருந்து பாம்பைத் தூக்கினார். பாம்பு பைக்குள் போனதும் நிமிர்ந்து பார்த்தான். புரோகிராம் எப்போதோ திறந்துவிட்டு, வாசலில் வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாரிசெல்வி நிமிர்ந்து நின்றாள். வாட்ச் ஓடியது.

போட்டோக்களைத் திறந்தான். அவை வருவதற்குள் ஷிப்ட் குரூப்பில் யாரோ நாளைய கேன்டீன் மெனுவைப் போட்டிருந்தார்கள். மறுபடியும் கீரைக் கூட்டா என்று பதில் எழுதினான். திரும்பி வந்தபோது எந்த நான்கு படங்களை எடுக்க நினைத்தான் என்பது மறந்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமாவை ஒரே ஷீட்டில் இரண்டு இடத்தில் வைத்தான். ஒன்றை எடுத்தான். வட்டம். பழைய பைக் விற்கிற ஒருவரின் வீடியோ, அதை முழுதாகப் பார்த்தால்தான் விலை சொல்வார். பார்த்தான்.

அந்நேரம் மாடியிலிருந்து இறங்கிய எழிலரசி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்காலியில் வேல்ராஜ், பின்னால் வாட்சுடன் மாரிசெல்வி.

"இன்னா மாரி, வூட்டுக்காரருக்குப் பரீட்சையா?"

"ஆமாக்கா. பாஸாகுதாகளான்னு பாக்கேன்."

"நம்ம சம்மந்தியம்மா மூஞ்சிய இம்மாம் பெருசா வெச்சிக்கினு கீறாரு. பெயிலு பண்ணிடு" என்று சொல்லிவிட்டு அக்கா பால் வாங்கப் போனாள்.

ஒருவழியாக ஷீட் முடிந்து, சேவ் கொடுத்து, அது சேவ் ஆகும் நேரத்தில் வேல்ராஜ் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு, கவியாவின் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொடுத்து, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். மாரிசெல்வி வாட்சை அமுக்கி அவன் கையில் கொடுத்தாள். பார்த்தவன் அதைத் தட்டிப் பார்த்தான், ரிப்பேரோ என்று.

"இவ்வளவு நேரமா டிஸ்க்கு எடுத்துச்சு?"

"டிஸ்க்கு எடுத்தது இதுல கொஞ்சந்தான். அது உங்கள ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுச்சு. நீங்க செங்கோட்டை வரைக்கும் போய்ட்டு வந்திய. மிச்சமெல்லாம் நீங்க ஊர் சுத்துனது."

"அப்ப அது என் கணக்குலதான சேரும்?"

"யார் கணக்குன்னு நீங்கதான் சொல்லணும். வாட்ச் சார் நீங்கதான."

வேல்ராஜ் யோசித்தான். மிஷினுக்காக ஆள் காத்திருந்தால் அது மிஷின் கணக்கு. ஆள் வேலையை விட்டு நகர்ந்தால் அது ஆள் கணக்கு. இத்தனை வருடம் இந்த இரண்டு கட்டத்துக்குள்ளேயே எல்லோரையும் அடைத்து வந்திருக்கிறான். காக்க வைத்ததனால்தானே ஆள் நகர்ந்தான் என்ற மூன்றாவது கட்டம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. இப்போது அவனுக்கே தேவைப்பட்டதால், அது மிக நியாயமான கட்டமாகத் தோன்றியது.

"மிஷின் கணக்கு" என்றான், கம்பளிப்பூச்சியையும் சேர்த்து.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து லேப்டாப்போடு ஒரகடம் ஜங்ஷனில் இறங்கினான். ரிப்பேர் கடை ஜீவானந்தம், பழைய டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினான்.

"இன்னா சார், இத்த வெச்சிக்கினா இத்தினி நாளு ஓட்டினீங்க?"

"ஆன் ஆகும்ல. பொறுத்தா ஆச்சு." பிறகு தன் கொள்கைக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தான். "சாதாரணமா கம்ப்யூட்டர் பாக்குதவங்க எல்லாருக்கும் இது வேணுமா ஜீவா?"

"இன்னாத்துக்கு வேணும்? பாட்டு கேக்கறவனுக்கு, லெட்டர் அடிக்கிறவனுக்கு, காலைல ஒரு தபா சீக்கிரமா தொறக்கும், அவ்ளோதான். நெட்டு ஸ்லோவா கீதுன்னு இத்த மாத்துனா நெட்டு வேகமா ஆவாது. மெமரி கம்மின்னா அதுக்கும் இது மருந்தில்ல. ஆனா பெரிய பெரிய போட்டோவ நாள் பூரா தொறந்து மூடிக்கினு இருக்கறவங்களுக்கு இது இல்லாம ஆவாது. வேலை யாரு பாக்கறது, நீங்களா?"

"வீட்ல."

"அவங்க உங்கள இன்னும் அடிக்கலயா?"

ஜீவானந்தம் பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே புதியதற்கு மாற்றிக் கொடுத்தான். வீட்டில் மாரிசெல்வி பொத்தானை அமுக்கிவிட்டு, வழக்கம் போல அரிசி டப்பாவை நோக்கி நடந்தாள். டப்பாவை எட்டுவதற்குள் கவியா கூப்பிட்டாள்: "அம்மா, வந்துட்டு."

அதன் பிறகு வேல்ராஜ் பார்த்த காட்சிக்கு அவனுடைய உத்தியோகம் அவனைத் தயார் செய்யவில்லை. மாரிசெல்வியின் இடது கை விசைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஆடியது. வலது கை மவுஸைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. படங்கள் வந்து உட்கார்ந்தன. மணப்பெண்ணின் தாலிக்கயிறு நேராயிற்று. சம்மந்தியம்மா பதமாகச் சிறுத்தாள். இதுதான் அவள் கை. ஒரு கல்யாணம், ஒரு குழந்தை, இவ்வளவு தோசை எல்லாம் ஆன பிறகு முதல் தடவையாகப் பார்க்கிறான். லைனில் இருந்தவரை கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று மனம் தன்னால் கணக்குப் போடத் தொடங்கியது. கை தன்னால் சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிற்று.

அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆனால் அவன் விரல் வாட்சில் பட்ட அந்தக் கணமே அவள் கை மெத்தென்று இறங்கி, குழந்தைக்குச் சடை பின்னத் தொடங்கிவிட்டது.

"வாட்ச் பிடிக்கல, பிடிக்கல" என்றான் வேல்ராஜ் அவசரமாக.

"அலமாரிக்குள்ள வச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தான். கை மறுபடி பறந்தது.

ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கும்போதே ஆல்பம் முடிந்தது. இருவரும் பைக்கில் ஸ்ரீபெரும்புதூர் போய் இளம்பரிதியின் முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். இளம்பரிதி ஒவ்வொரு ஷீட்டாகத் தள்ளிப் பார்த்தார். பாராட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஓர் இடத்தில் மட்டும், "இந்தம்மா நேர்ல இவ்ளோ ஒல்லி இல்லையே" என்றார். முடிவு வரைக்கும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆவணில ஆரம்பிச்சு வரிசையா முகூர்த்தம். எல்லாத்தையும் உங்ககிட்டயே குடுத்துடலாம்னு பாக்கறேன். ஒரு ஆல்பத்துக்கு எவ்ளோ நாள் ஆகும்? அத வெச்சுத்தான் பார்ட்டிக்கு நான் வாக்கு குடுக்கணும்."

மாரிசெல்வி வாயைத் திறப்பதற்குள் வேல்ராஜுக்கு விடை தெரிந்திருந்தது. ஓர் ஆளின் உண்மையான நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதற்காகத்தான் அவனுக்குச் சம்பளமே. புது டிஸ்க் வந்த பிறகு அவள் எடுக்கும் நேரம், வாட்ச் இல்லாமலே, அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. சொன்னால் இளம்பரிதி அசந்துவிடுவார். சொல்லவேண்டும் போல நாக்கு துடித்தது.

இளம்பரிதி பேனாவை எடுத்துக்கொண்டு சுவர் காலண்டரின் பக்கம் திரும்பினார். அந்த முதுகு வேல்ராஜுக்கு மிகவும் பழக்கமான முதுகு. தானே அப்படித்தான் திரும்பி நின்று எழுதுவான். எழுதிய பிறகு அழிக்க முடியாது. அந்த நேரத்தில்தான் இனி ஒவ்வொரு கல்யாணத்தையும் முடிக்க வேண்டும். கவியாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், கரண்ட் போனாலும்.

"மூணு வாரம் ஆகும்ணே" என்றான் வேல்ராஜ்.

மாரிசெல்வி அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் எதையாவது பார்க்க முடிந்தது அன்றைக்குத்தான்.

"மூணு வாரமா?" இளம்பரிதி திரும்பினார். "இத சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்களே."

"இது மாடி வீட்டு ஆல்பம்ணே. அக்கா வந்து வந்து நின்னதுல அவ தூங்கவே இல்ல. எப்பவும் அப்படி முடியாது. லேப்டாப் ரொம்பப் பழசு. ஹார்ட் டிஸ்க்கு ஓடவே மாட்டேங்கு." முதல் பொய் சுலபமாக வந்ததில் உற்சாகமாகி அவன் கையை வேறு சுழற்றிக் காட்டினான். "தட்டு சுத்துத டிஸ்க்கு. கர்ர் கர்ர்னு."

"அட, அதானா பிரச்சினை?" இளம்பரிதியின் முகம் மலர்ந்தது. "நம்ம ஸ்டுடியோல ராமன் இருக்கான், டிஸ்க் மாத்தறது அவனுக்குக் கால் மணி நேர வேலை. நம்ம செலவுலயே போட்டுக் குடுத்துடறேன். ராமா, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துனு வா."

உள்ளேயிருந்து ராமன் வந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது. சுழற்றிக் காட்டிய கையை வேல்ராஜ் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான். இப்போதுதான் ஜீவானந்தம் முறுக்கிய திருகாணிகள்கூட இன்னும் பளபளவென்று இருக்கும்.

மாரிசெல்வி லேப்டாப்பை மெதுவாக மூடித் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்ணே. டிஸ்க்குல பிள்ளையோட சின்ன வயசு போட்டோ எல்லாம் இருக்கு. கழட்டுனா போயிருமோன்னு பயமா இருக்கு. இவுக சொல்லுதாகன்னு இல்ல, எனக்குக் கை கொஞ்சம் நிதானம். ரெண்டு வாரத்துல குடுத்துருவேன்."

குழந்தை போட்டோ என்றதும் ராமன் ஸ்க்ரூ டிரைவரை இறக்கிவிட்டான். மூன்று வாரத்திலிருந்து இரண்டாக இறங்கியதில் இளம்பரிதிக்குப் பேரம் படிந்த சந்தோஷம். காலண்டரில் எழுதிக்கொண்டார். அடுத்த கல்யாணம் பென் டிரைவில் ஏறியது.

வெளியே வந்ததும் வேல்ராஜ் சங்கரநாராயணனுக்குப் போன் போட்டான். "சார், வீட்ல பேரு போட வேண்டாம். இல்ல சார், வேற வேலை கிடைச்சிருச்சு. இல்ல சார், யோசிச்சுட்டுத்தான்." போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, சாதித்தவனைப் போல மனைவியைப் பார்த்தான். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தான்.

மாரிசெல்வி லேப்டாப் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க்கு மேல பழிய போடுவாகளா? அத ஒருத்தன் ஸ்க்ரூ டிரைவர வச்சுத் தொறந்து பாத்துருவான்லா. கை மேல போடணும். கைய யாரு தொறந்து பாப்பா?"

"இனிமே தெரிஞ்சுக்கிடுதேன்" என்றான் வேல்ராஜ்.

"வண்டிய எடுங்க. கவியாவ அக்கா ஒத்தையில வச்சுக்கிட்டு இருப்பாக."